ஒரே ஸ்டெரேன் விகிதம் என்றால் ஒரே முதிர்ச்சியா?

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய அட்டவணையைப் பார்த்தேன். எல்லாக் கச்சா எண்ணெய்களிலும் சி29 ஸ்டெரேனின் (பழங்கால உயிர்களின் ஸ்டீராய்டுகளிலிருந்து வந்த மூலக்கூறு) 20எஸ் விகிதம், அதாவது 20எஸ், 20ஆர் என்ற இரு வடிவங்களில் 20எஸ்-இன் பங்கு, 0.53-ஐ ஒட்டியே இருப்பதால், எல்லாம் ஒரே வெப்ப முதிர்ச்சி (எண்ணெயைத் தந்த மூலப்பாறை நிலத்தடியில் எவ்வளவு வெந்தது என்பது) என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை இப்போதைக்கு அடித்துவிடு. அந்த விகிதம் 0.52–0.55-இல் சமநிலைக்கு வந்துவிடும்; அதற்குமேல் மூலப்பாறை எவ்வளவு வெந்தாலும் ஏறாது. விட்ரினைட் எதிரொளிப்புக் கணக்கில் (பாறையிலுள்ள பழைய மரத்துகள் எத்தனை சதவீத ஒளியைத் திருப்புகிறது என்ற முதிர்ச்சி அளவு) 0.8–0.9 சதவீதத்திலேயே அதன் ஆட்டம் முடிந்தது. எண்ணெய் உருவாகும் கட்டமோ 0.6-இல் தொடங்கி 1.3 வரை போகிறது. ஆக, உன் எண் சொல்வது “குறைந்தது இவ்வளவு” என்பதை மட்டும்தான். பாக்டீரியாவிலிருந்து வந்த ஹோப்பேன் மூலக்கூறின் 22எஸ் விகிதம் இன்னும் அவசரக்குடுக்கை. எண்ணெய் உருவாகத் தொடங்கும் கட்டத்திலேயே 0.57–0.62-ஐத் தொட்டு நின்றுவிடும்.

மேல் கட்டத்தைப் பிரித்துப் பார்க்க எண்ணெயின் அரோமாட்டிக் (பென்சீன் வளையச் சேர்மங்கள்) பகுதிக்குப் போ. 2-, 3-மெத்தில்ஃபினாந்த்ரீன் இரண்டையும் கூட்டி 1.5-ஆல் பெருக்கு. ஃபினாந்த்ரீன், 1-, 9-மெத்தில்ஃபினாந்த்ரீன் மூன்றின் கூட்டுத்தொகையால் அதை வகு. வருவதுதான் மெத்தில்ஃபினாந்த்ரீன் குறியீடு. அதை 0.6-ஆல் பெருக்கி 0.4 சேர்த்தால் எதிரொளிப்புக்கு இணையான மதிப்பு கிடைக்கும். குறியீடு 0.8 என்றால் 0.88 சதவீதம். ஆனால் 1.35 சதவீதத்தைத் தாண்டினால் குறியீடு திரும்பி இறங்கும், அதே 0.8-க்கு அங்கே 1.82 என்று விடை வரும். எந்தப் பக்கம் இருக்கிறாய் என்பதை எண்ணெயின் மற்ற குணங்கள்தான் சொல்ல வேண்டும். இன்னொன்று: மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் ஃபினாந்த்ரீனை 178 நிறையுள்ள அயனியிலும் மெத்தில் சேர்மங்களை 192-இலும் அளக்கிறாய். இரண்டின் உணர்திறனும் ஒன்றல்ல. அளவு தெரிந்த ஸ்டாண்டர்டு கலவையை ஓட்டித் திருத்தாமல் பீக் பரப்பை அப்படியே போட்டால் குறியீடு பிசகும்.

பிரிப்பு வேலையில் ஓர் எச்சரிக்கை. நைட்ரஜன் ஊதிக் கரைப்பானை ஆவியாக்கும்போது கண்ணாடிக் குப்பியை முழுக்க உலரவிடாதே. நாஃப்தலீன் வகைகள் முதலில் பறந்துவிடும். அவற்றை வைத்துப் போடும் விகிதங்கள் அதன்பின் உதவாது.

எனக்குப் பெரிய சந்தேகம் கலப்பில்தான். நன்றாக முதிர்ந்த லேசான எண்ணெயில் பயோமார்க்கர் (ஸ்டெரேன், ஹோப்பேன் போன்ற உயிர்வழி மூலக்கூறுகள்) மிகக் குறைவு. முதிராத கனமான எண்ணெயில் ஏராளம். பத்துப் பங்கு முதலாவதில் ஒரு பங்கு இரண்டாவது கலந்தாலும், ஸ்டெரேனைக் காட்டும் 217, ஹோப்பேனைக் காட்டும் 191 அயனி வரைபடங்களில் இரண்டாவதுதான் பேசும். அதனால் வெறும் விகிதம் போதாது. தெரிந்த அளவில் உள் ஸ்டாண்டர்டு சேர்த்து, ஸ்டெரேன் அளவைப் பிபிஎம்மில் எழுது. கூடவே டயமண்டாய்டுகளில் (வைரம் போன்ற கூடு வடிவ மூலக்கூறுகள்) 3-, 4-மெத்தில்டயமண்டேனையும் அள. எண்ணெய் வெப்பத்தில் சிதையும்போது டயமண்டாய்டுகள் தாக்குப்பிடித்துச் செறியும், ஸ்டெரேன்கள் அழியும். ஓர் எண்ணெய் மாதிரிக்குள்ளேயே இரண்டுமே கூடுதலாக இருந்தால் அது கலப்பு எண்ணெய்.

ஷேல் பாறைத்துகள்களின் டிமேக்ஸை எண்ணெயோடு ஒப்பிட்டிருக்கிறாயே (பாறையைச் சூடாக்கும்போது முதலில் வெளிவரும் தனி எண்ணெய் எஸ்1, பிறகு கரிமப்பொருள் உடைந்து வருவது எஸ்2, எஸ்2 உச்சியைத் தொடும் வெப்பநிலை டிமேக்ஸ்), அதில் எஸ்2 ஒரு கிராமுக்கு 0.5 மில்லிகிராமுக்குக் கீழே உள்ள வரிசைகளை எடுத்துவிடு. பீக் தட்டையாக இருக்கும்போது அதன் உச்சி எங்கே என்று கருவியால் சரியாகச் சொல்ல முடியாது. எஸ்1 அதிகமாகவும் டிமேக்ஸ் சந்தேகப்படும் அளவுக்குக் குறைவாகவும் உள்ளவற்றை டைகுளோரோமீத்தேனில் கழுவி மறுபடி ஓட்டு. கனமான பிற்றுமனோ (தார் போன்ற எண்ணெய்) எண்ணெய் கலந்த துளைச்சேறோ எஸ்2-க்குள் கசிந்து டிமேக்ஸைக் கீழே இழுத்திருக்கலாம்.

முதலில் டயமண்டாய்டு அளவுகளை அனுப்பு. மற்றதை அதன்பின் பார்ப்போம்.

அன்புடன்,
அப்பா