ஆண்டறிக்கை: ஸ்பீக்கர் கிரில் விவகாரம் உட்பட

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் சங்கத்து உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவுக்குப் பிறகு செயற்குழு 7 முறை கூடியது. நாம் கூடிப் பாட்டுக் கேட்கும் மாதாந்திரக் கேட்பு அமர்வு இரண்டு மாதம் மட்டும் தடைபட்டது. புதிதாக மூவர் சேர்ந்தார்கள், ஒருவர் வீடு மாறிப் போனதால் விலகினார். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். மிச்சமிருப்பது ஸ்பீக்கர் கிரில், அதாவது மரச் சட்டத்தில் துணி கட்டி ஸ்பீக்கரின் முகத்தில் மாட்டும் மூடி. இந்த ஆண்டு வேறு எதைப் பற்றியும் நாம் இவ்வளவு பேசவில்லை, இவ்வளவு கோபப்படவும் இல்லை.

சங்க அறையில் உள்ள ஜோடி ஸ்பீக்கரின் கிரில்களை யாரோ கழற்றி அலமாரிக்கு மேல் வைத்ததில்தான் இது தொடங்கியது. யார் என்று எல்லாருக்கும் தெரியும், அவரே ஒப்புக்கொண்டுவிட்டார். துணியை மாட்டிவைத்துப் பாட்டுக் கேட்பது குடை பிடித்துக்கொண்டு குளிப்பது மாதிரி என்பது அவர் வாதம். சில வாரம் யாரும் எதுவும் சொல்லவில்லை. ஒலி எழுப்பும் கூம்பான கோனும் குமிழான டோமும் வெளியே தெரிந்ததில் அறைக்கே ஒரு மிடுக்கு வந்துவிட்டது என்று சொன்னவர்களும் உண்டு.

அப்புறம் குடும்ப நாள் வந்தது. உறுப்பினர் ஒருவரின் பேத்தி, நாலு வயது இருக்கும், இடப்பக்க ஸ்பீக்கருக்கு முன்னால் போய் நின்றாள். அவள் கண் மட்டத்தில் ட்வீட்டர், அதாவது உச்ச அதிர்வெண் ஒலியைத் தரும் சின்னப் பாகம். நடுவில் கறுப்பாக, வழவழப்பாக, சின்னதாகப் புடைத்துக்கொண்டு அச்சு அசல் அழைப்பு மணிப் பொத்தான். ஆள்காட்டி விரலால் அமுக்கினாள். மணி அடிக்கவில்லை. துணி டோம் உள்ளே குழிந்து அப்படியே நின்றுவிட்டது. சரி, இது வேலை செய்யவில்லை என்று அடுத்த ஸ்பீக்கரை நோக்கி அவள் நடக்கத் தொடங்கியபோதுதான் பாட்டி பார்த்தார்.

மறுநாள் மூன்று பேர் சேர்ந்து, செல்லோ டேப்பை மெல்ல ஒட்டி மெல்ல இழுத்து டோமை வெளியே கொண்டுவந்தோம். பிறை நிலா மாதிரி ஒரு மடிப்புக் கோடு மட்டும் இன்னும் இருக்கிறது. காதுக்கு வித்தியாசம் தெரியவில்லை. மெத்தென்ற டோமாக இருந்ததால் தப்பித்தோம். அலுமினிய டோமாக இருந்திருந்தால் நெளிவு முழுசாகப் போயிருக்காது. பெரிலியம் டோம் இன்னும் மோசம்: அந்த உலோகம் வளையாது, உடையும், அதன் தூளை மூச்சில் இழுப்பது உடம்புக்குக் கேடு. பெரிலியம் ட்வீட்டருக்கு முன்னால் கம்பி வலை வைத்திருந்தால் அது அழகுக்கு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

கிரிலைத் திரும்ப மாட்ட வேண்டும் என்று அடுத்த கூட்டத்திலேயே தீர்மானம் வந்தது. எதிர்ப்பும் வந்தது. எதிர்த்தவர்கள் யமஹா என்எஸ்-10ஐச் சாட்சிக்கு அழைத்தார்கள். 1978இல் வீட்டு உபயோகத்துக்கென்று வந்து, பிறகு ஒலிப்பதிவுக் கூடங்களில் குடியேறிவிட்ட ஸ்பீக்கர் அது. உச்ச ஒலி காதைக் குத்துகிறது என்று கூடங்களில் அதன் ட்வீட்டர் மேல் டிஷ்யூ காகிதத்தைத் தொங்கவிடுவார்கள். ஒரு தாள் காகிதமே ஒலியை மாற்றுமென்றால் துணி மாற்றாதா என்று கேட்டார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் காகிதத்தில் நெசவுத் துளை கிடையாது, கிரில் துணியில் உண்டு என்று பதில் வந்தது. அதுவும் நியாயம்தான். இப்படியே ஒன்றரை மணி நேரம்.

கடைசியில், கேட்டே முடிவு செய்வோம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடினோம். கிரில் இருப்பது கண்ணுக்குத் தெரியக்கூடாது என்று ஸ்பீக்கருக்கு முன்னால் மெல்லிய திரை கட்டினோம். கயிறு இழுத்து, கிளிப் போட்டு, எல்லாம் முடித்துக் கைதட்டிய பிறகு பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார்: "திரையும் துணிதானே?" திரையை அவிழ்த்தோம். கேட்பவர்கள் கண்ணைக் கட்டிக்கொண்டார்கள். அடுத்த சிக்கல், கிரிலை மாட்டும்போது முளைகள் குழிக்குள் இறங்கும் 'டப்' சத்தம். அது காட்டிக்கொடுத்துவிட்டது. அதனால் ஒவ்வொரு முறையும் ஒரு தடவை மாட்டி, ஒரு தடவை கழற்றி, பிறகுதான் வேண்டிய நிலையில் வைத்தோம். இந்த இடைவெளிக்குள் முன்பு கேட்டதைக் காது பாதி மறந்துவிடுகிறது. குறை உள்ள சோதனைதான், ஒத்துக்கொள்கிறேன்.

வெறும் இரைச்சலை, அதாவது பிங்க் நாய்ஸை, ஓடவிட்டபோது பெரும்பாலானவர்கள் வித்தியாசத்தைக் கண்டுபிடித்தார்கள். பாட்டு என்று வந்ததும் தடுமாற்றம். ஜால்ராவும் சிம்பலும் வரும் இடங்களில் சிலருக்குப் பிடிபட்டது, தனிக்குரலில் யாருக்குமே உறுதியில்லை. முக்கியமான செய்தி, கிரிலைக் கழற்றி வைத்த நண்பர் இரண்டு முறை கிரில் மாட்டிய ஒலியைத்தான் நன்றாக இருக்கிறது என்றார். கருத்தை அவர் மாற்றிக்கொள்ளவில்லை. உச்ச அதிர்வெண்களை எவ்வளவு கேட்கிறோம் என்பது வயதைப் பொறுத்தது என்பதையும் சொல்லவேண்டும். நம் சங்கத்து வயதுக்கு, மேல்கோடியில் உள்ள சில ஆயிரம் ஹெர்ட்ஸைப் பற்றிச் சண்டை போட நமக்கு அருகதை இல்லை.

பிறகு மைக் வைத்து அளந்தோம். ட்வீட்டர் உயரத்தில், ஒரு மீட்டர் தூரத்தில். அங்கேதான் எனக்கு இந்த ஆண்டின் பாடம் கிடைத்தது. துணியைச் சட்டத்திலிருந்து பிரித்துத் தனியாகப் பிடித்து அளந்தால் வரைபடக் கோடு ஏறக்குறைய அசையவே இல்லை. துணியில்லாத வெறும் சட்டத்தை மாட்டினால் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஒன்றிரண்டு டெசிபல் ஏறி இறங்கியது. இவ்வளவு நாள் துணியைத் திட்டிக்கொண்டிருந்தோம், குற்றவாளி கட்டை! ஒலி ஒரு நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. 100 ஹெர்ட்ஸ் என்றால் ஓர் அலையின் நீளம் 3.4 மீட்டர், இந்தச் சட்டமெல்லாம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. 10,000 ஹெர்ட்ஸில் அதுவே 3.4 சென்டிமீட்டர். ஒன்றரை சென்டிமீட்டர் தடிமனுள்ள சட்டத்தின் உள்விளிம்பு அதற்குச் சுவர் மாதிரி. அலை அதில் மோதிச் சிதறி, கொஞ்சம் தாமதமாக வந்து நேராக வரும் ஒலியோடு கலக்கிறது. சில அதிர்வெண்களில் கூட்டுகிறது, சிலவற்றில் கழிக்கிறது.

தச்சு வேலை தெரிந்த உறுப்பினர் ஒருவர் இரண்டு சட்டங்களின் உள்விளிம்பையும் சரிவாகச் சீவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக் கொடுத்தார். மறுபடி அளந்தபோது மேடு பள்ளம் குறைந்திருந்தது. முழுசாகப் போகவில்லை. அதே அளவுக்கு வித்தியாசத்தை நாற்காலியை ஒரு சாண் நகர்த்தியும் வரவழைக்கலாம் என்பதை அன்றே பார்த்தோம்.

இதெல்லாம் நம் அறை ஸ்பீக்கருக்கு. வீட்டில் அப்படியே செய்யாதீர்கள். உறுப்பினர் ஒருவரிடம் எல்எஸ்3/5ஏ ஸ்பீக்கர் ஜோடி இருக்கிறது. 1970களில் பிபிசி தன் ஒலிபரப்பு வண்டி போன்ற சின்ன இடங்களுக்காக வடிவமைத்தது. கிரிலைக் கழற்றியதும் ஒலி கூர்மையாகிவிட்டது, கெட்டுப்போய்விட்டதோ என்று பதறிப்போய் எடுத்துவந்தார். கெடவில்லை. அதன் ட்வீட்டரைச் சுற்றி ஒட்டியிருக்கும் கம்பளிப் பட்டையும் முன்னால் வரும் துணியும் வடிவமைப்பிலேயே சேர்ந்தவை, கிரிலோடு கேட்பதற்கென்றே செய்யப்பட்டது. எந்த ஸ்பீக்கரை எப்படிக் கேட்கவேண்டும் என்று பல தயாரிப்பாளர்கள் கையேட்டில் எழுதியே தருகிறார்கள். கையேட்டைப் படித்துவிட்டு வந்திருந்தால் நம் கூட்டங்களில் பாதி நடந்திருக்காது.

கோனுக்குப் பதில் மின்னூட்டிய மெல்லிய படலம் அதிரும் குவாட் எலக்ட்ரோஸ்டாடிக் ஸ்பீக்கர் வைத்திருப்பவர்களுக்கு ஒரே வார்த்தை: தொடாதீர்கள். 1957இல் வந்த முதல் மாடலிலேயே உள்ளே ஆயிரக்கணக்கான வோல்ட். அந்த உலோகக் கிரில் காப்பது ஸ்பீக்கரை மட்டுமல்ல, உங்கள் உயிரையும்.

ஜேபிஎல் எல்100 வைத்திருக்கும் நண்பரின் கதை வேறு. 1970இல் வந்த அந்த ஸ்பீக்கரின் அழகே முகத்தில் உள்ள கட்டம் கட்டமான ஃபோம்தான். பழைய ஃபோம் உதிரும். அவர் கிரிலைப் பிடித்து இழுத்தபோது கையோடு வந்தது பாதி, மீதி ஆரஞ்சுப் பொடியாகிக் கோன் மேல் கொட்டியது. மெல்லிய பிரஷால் தட்டி எடுக்க ஒரு மாலை முழுக்கப் போயிற்று.

பூனை வளர்க்கும் இருவர் இரண்டு விதமாகச் சொன்னார்கள். ஒருவர் வீட்டில் கிரில்தான் கோனைக் காப்பாற்றியது. இன்னொருவர் வீட்டுப் பூனைக்கு நகம் தீட்ட வாகாகக் கிடைத்ததே கிரில் துணிதான். துணி மாற்ற நினைப்பவர்கள் திரைத்துணியை வெட்டி ஒட்டாதீர்கள். துணியை வாயருகே பிடித்து ஊதுங்கள், மறுபக்கம் வைத்த உள்ளங்கையில் காற்று தாராளமாகப் படவேண்டும். வெயில் விழும் அறையில் கிரிலை எடுத்தால் மொத்தமாக எடுத்துவிடுங்கள், போட்டால் போட்டே வையுங்கள். ஒரு பக்கம் மட்டும் மாட்டிவைத்துவிட்டு ஓராண்டு கழித்துக் கழற்றியவர் வீட்டில் மரத்தின் நிறம் இரண்டு ஸ்பீக்கரிலும் இரண்டு விதம்.

செயற்குழு எடுத்த முடிவு: சங்க ஸ்பீக்கர்களுக்குச் சீவிய சட்டத்தோடு கிரில் மாட்டியே இருக்கும். கேட்பு அமர்வின்போது அமர்வை நடத்துபவர் விரும்பினால் கழற்றலாம், முடிந்ததும் அவரே மாட்டவேண்டும். அமர்வு இல்லாத நாட்களில் யாரும் கை வைக்கக்கூடாது. கழற்றும்போது ஒரு மூலையை மட்டும் பிடித்து இழுக்காமல், இரண்டு பக்கமும் விரல் கொடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக நெம்பவேண்டும். சோதனையன்று நாம் போட்ட ஆட்டத்தில் வலப்பக்கக் கிரிலின் கீழ் முளை ஒன்று ஒடிந்துவிட்டது. அதனால் பாஸ், அதாவது கனத்த அடித்தொனி, வரும்போது அந்தக் கிரில் நடுங்கி 'ஜிர்' என்கிறது. இப்போதைக்கு ஒரு துண்டு ரப்பர் சொருகியிருக்கிறேன். ஒடிந்த முளை மேசை இழுப்பறையில் இருந்தது, சென்ற வாரம் பார்த்தபோது இல்லை. குப்பை என்று நினைத்து எடுத்தவர், இன்னும் வீசாமல் வைத்திருந்தால், கூட்டம் முடிந்ததும் என்னிடம் கொடுத்துவிடவும்.

பணிவன்புடன்,
செயலாளர்