மாமரத்தடிக் கேரவனும் பச்சை மஞ்சள் வயரும்

டோங்காட்

அன்புள்ள நண்பனுக்கு,

பழைய கேரவன் ஒன்றை வாங்கி முற்றத்து மாமரத்தடியில் நிறுத்தியிருக்கிறாய் என்றும், பெரிய வெள்ளியன்று மவுண்ட் எட்ஜ்கோம் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்காக ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து வரும் மகனும் மருமகளும் பேரப்பிள்ளைகளும் அதிலேயே தங்குவார்கள் என்றும் நீ எழுதியிருந்ததைப் படித்து மகிழ்ந்தேன். இங்கே நாங்கள் நலம். என் மனைவிக்கு முழங்கால் வலி குறைந்து, கோயிலுக்கு மறுபடியும் நடந்தே போய் வருகிறாள். ஆனால் கடைசி வரியில், சமையலறை ஜன்னல் வழியாக ஓர் எக்ஸ்டென்ஷன் வயரை இழுத்துக் கொடுத்துவிட்டால் கேரவனுக்கு மின்சாரம் ஆயிற்று என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்த பிறகு எனக்கு வேறு எதிலும் மனம் செல்லவில்லை. சர்க்கரை ஆலையில் ஆயுள் முழுவதும் மின்வேலை பார்த்தவன் நான். ஆகவே இந்தக் கடிதம் அந்த ஒரு வயரைப் பற்றியே இருக்கும், பொறுத்துக்கொள்.

வீடு மண்ணில் ஊன்றி நிற்கிறது. கேரவனோ ரப்பர் டயரின் மேல் நிற்கிறது. அதன் கால்களையும் நாம் மரக்கட்டையின் மேல்தான் ஊன்றுகிறோம். ஆகவே அந்தத் தகர உடம்பில் எங்கேயாவது மின்சாரம் கசிந்தால், அது மண்ணுக்குப் போக இருக்கும் ஒரே வழி, நீ இழுக்கும் வயருக்குள் இருக்கும் பச்சை மஞ்சள் நிற எர்த் வயர் மட்டுமே. அது அறுந்து போனாலும் உனக்குத் தெரியாது, ஏனென்றால் விளக்கு எரியும், ஃபிரிட்ஜ் குளிரும், ஃபேன் சுற்றும். ஈரத் தரையில் வெறுங்காலுடன் ஒருவர் கதவைத் தொடும்போதுதான் தெரியும்.

இதை நான் என் குடும்பத்தை வைத்துத்தான் கற்றுக்கொண்டேன். 1996 டிசம்பரில் தென்கடற்கரையில் கேரவனோடு தங்கியிருந்தோம். இரவெல்லாம் மழை பெய்து விட்டிருந்த காலையில், கடலிலிருந்து நனைந்த காலோடு ஓடி வந்த என் சின்ன மகள், கைப்பிடியைத் தொட்டுவிட்டுக் கையை உதறிக்கொண்டு, "அப்பா, கதவு கடிக்குது" என்றாள். நான் புறங்கையை வைத்துப் பார்த்தேன். எறும்புகள் ஊர்வது போல விறுவிறுத்தது. ஓடிப்போய் வயரைப் பிடுங்கிவிட்டு, பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். வயரை இறுகப் பிடிக்க வேண்டிய கிளிப் தளர்ந்திருந்தது. யாரோ கால் தடுக்கி இழுத்த இழுப்பு முழுவதும் உள்ளே இருந்த மூன்று வயர்களின் மேல் விழுந்திருந்தது. அவற்றில் எர்த் வயரைத்தான் மிகக் குட்டையாக வெட்டி மாட்டியிருந்தார்கள். ஆகவே அதுதான் முதலில் ஸ்க்ரூவை விட்டு நழுவி, களிம்பேறிய நுனியோடு தனியாக நின்றது. எர்த் வயரை மற்ற இரண்டையும் விட ஒரு விரற்கடை நீளமாக விட வேண்டும் என்பது அன்று முதல் என் கைக்கு மறக்கவே இல்லை. இழுபட்டாலும் கடைசியாகக் கழன்று வருவது அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

"போர்டில் எர்த் லீக்கேஜ் இருக்கிறதே, மின்சாரம் கசிந்தால் தானாக விழும் அந்தக் காவல் ஸ்விட்ச் பார்த்துக்கொள்ளாதா" என்று நீ கேட்பாய். அது அருமையான கருவிதான். 1950களில் நம் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களுக்காக ஹென்றி ரூபின் செய்த வேலையிலிருந்து வளர்ந்து வீடுகளுக்கு வந்தது. லைவ் என்ற வயர் வழியாக உள்ளே போன மின்சாரம் நியூட்ரல் என்ற வயர் வழியாக முழுவதும் திரும்புகிறதா என்று அது ஓயாமல் கணக்குப் பார்க்கிறது. திரும்புவதில் 30 மில்லிஆம்பியர் குறைந்தால் நொடிக்கும் குறைவான நேரத்தில் அறுத்துவிடுகிறது. ஆனால் எர்த் வயர் இல்லாத கேரவனில், கசிவு மண்ணுக்குப் போகும் வழி தொட்டவரின் உடம்பாகத்தான் இருக்கும். அந்த உடம்பு ஷாக் வாங்கிய பிறகே ஸ்விட்ச் விழும். அன்று என் மகளைக் கடித்த மின்சாரம் அந்த அளவுக்கும் குறைவு, அதனால் ஸ்விட்ச் விழவே இல்லை. அதிலுள்ள டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்த்துத் திருப்தி அடைந்துவிடாதே. அந்தப் பட்டன் ஸ்விட்ச் வேலை செய்கிறதா என்று மட்டும் சொல்லும். எர்த் வயரே இல்லாவிட்டாலும் அது ஒழுங்காக விழுந்து காட்டும். இருந்தாலும் அதை ஒருமுறை அழுத்து: ஸ்விட்ச் விழும்போது நீ கேரவனுக்கு எடுக்கப்போகும் சாக்கெட்டும் அணைகிறதா என்று பார். அணையாவிட்டால் அந்த சாக்கெட் காவலில்லாதது; அதைத் தொடாதே.

அடுத்து நடந்ததையும் சொல்கிறேன், ஏனென்றால் பலர் இங்கேதான் தவறு செய்கிறார்கள். நான் எர்த் வயரைச் சரியாக மாட்டி மறுபடியும் பிளக்கைச் செருகியதும் எர்த் லீக்கேஜ் விழுந்தது. மேலே தூக்கினால் மீண்டும் விழுந்தது. முன்பு நன்றாக ஓடியதே, நீங்கள் தொட்ட பிறகுதான் கெட்டது என்று பக்கத்துக் கேரவன்காரர் சொன்னார். உண்மை நேர்மாறானது. கேரவன் ஃபிரிட்ஜ் ஒரு ஹீட்டரின் சூட்டைக் கொண்டுதான் குளிரூட்டும்; வெகுநாள் சும்மா நின்ற அந்த ஹீட்டர் ஈரம் உறிஞ்சிக் கசிந்துகொண்டிருந்தது. போக வழியில்லாமல் தகரத்தில் நின்ற கசிவுக்கு இப்போது வழி கிடைத்ததால் ஸ்விட்ச் அதைக் கண்டுகொண்டது. ஃபிரிட்ஜைக் கழற்றியதும் எல்லாம் அடங்கியது. விழும் ஸ்விட்சை நிறுத்துவதற்காக எர்த் வயரைக் கழற்றிவிடும் ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். உன் வீட்டில் அதை யாரையும் செய்ய விடாதே.

வயர் விஷயம் எளிது. ஜன்னல் வழியாக இழுக்கும் மெல்லிய வெள்ளை எக்ஸ்டென்ஷன் வேண்டாம். 2.5 சதுர மில்லிமீட்டர் ரப்பர் கேபிளும், கேரவன் முனைக்கு நீல நிற 16 ஆம்பியர் இணைப்பானும் வாங்கு; வயரின் அந்த முனையில் துளைகள்தான் இருக்க வேண்டும், முட்கள் கேரவனில் இருக்கும். அந்த நீல இணைப்பில் எர்த் முள் மற்றவற்றை விடப் பெரியது, நீளமானது, ஆகவே அதுதான் முதலில் தொடும், கடைசியில் பிரியும். வயரைச் சுருளாக வைத்துக்கொண்டு கெட்டிலைப் போடாதே. சுருளுக்குள் சூடு தேங்கி உறை உருகிவிடும், முழுவதும் விரித்துப் போடு. 16 ஆம்பியர் என்பது 230 வோல்ட்டில் 3680 வாட் மட்டுமே, கெட்டிலும் ஹீட்டரும் சேர்ந்தாலே அது நிரம்பிவிடும். இணைப்பு இருக்கும் இடம் புல்லில் கிடக்காமல் மேலே தொங்கட்டும். செருகும்போது முதலில் கேரவன் முனையையும் பிறகு வீட்டு முனையையும் செருகு. எடுக்கும்போது வீட்டு முனையை முதலில் எடு. பிள்ளைகள் அடிக்கடி வந்து தங்குவார்கள் என்றால், வெளிச் சுவரிலேயே மழை படாத சாக்கெட் ஒன்றைப் பதிவு பெற்ற மின்பணியாளரைக் கொண்டு போட்டு, வேலை விதிப்படி நடந்தது என்று சொல்லும் சி.ஓ.சி. சான்றிதழும் வாங்கிவிடு.

இப்போதைக்கு ஒன்றையும் செருகாதே. வரும் சனிக்கிழமை காலை என் மீட்டரை எடுத்துக்கொண்டு பீட்டர்மரிட்ஸ்பர்க் வருகிறேன். வயரின் எர்த் முள்ளிலிருந்து கேரவனின் அடிச்சட்டம் வரை மின்தடை ஓர் ஓமுக்கும் குறைவாக இருக்கிறதா, அதாவது எர்த் வழி அறுபடாமல் இருக்கிறதா என்று இருவரும் சேர்ந்து பார்ப்போம். பிளக்கைத் திறக்க ஒரு நட்சத்திர ஸ்க்ரூடிரைவர் எடுத்து வை, என்னுடையது மழுங்கிவிட்டது. மதியச் சாப்பாடு உன் வீட்டில்தான் என்று உன் மனைவியிடம் சொல்லிவிடு.

அன்புடன்,
உன் பாடசாலைத் தோழன்