டப் கவிதையின் மேடை முகம்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஜமைக்காவின் ரெகே இசைத் தாளத்தோடு மேடையில் சொல்லப்படும் டப் கவிதையைப் பற்றித் தமிழில் அரிதாக எழுதப்படும்போதும் பேச்சு அதன் முன்னோடிக் கவிஞர் லிண்டன் குவேசி ஜான்சனோடு நின்றுவிடுவதால், 2021-இல் மறைந்த பெண் டப் கவிஞர் ஜீன் பிந்தா பிரீஸ் குறித்துச் சில சொல்ல விழைகிறேன். 1956-இல் ஜமைக்காவில் பிறந்து, தலைநகர் கிங்ஸ்டனிலுள்ள ஜமைக்கா நாடகப் பள்ளியில் பயின்ற அவர், ஜான்சனின் அழைப்பின்பேரில் 1985-இல் லண்டன் சென்றார். ரெகே இசைத்தட்டிலிருந்து பாடகரின் குரலை நீக்கி, பேஸ் கிட்டாரையும் டிரம்ஸையும் முன்னிறுத்தும் ‘டப்’ முறையிலிருந்து தன் பெயரைப் பெற்ற இக்கவிதை, அதுவரை பெரும்பாலும் ஆண்களின் அறைகூவலாகவே ஒலித்துவந்தது. பிரீஸ் அதற்குள் ஒரு பாத்திரத்தை நடமாடவிட்டார்.

அவருடைய ‘ரிடிம் ரேவிங்ஸ்’ கவிதையில், கிங்ஸ்டன் தெருக்களில் அலையும் மனம் பிறழ்ந்த பெண்ணொருத்தியின் தலைக்குள் வானொலி ஒலிக்கிறது. மருத்துவரும் வீட்டு உரிமையாளரும் அதைப் பிடுங்கியெடுக்க, அவளோ பிளக்கை மீண்டும் தலையில் செருகிக்கொள்கிறாள். தமக்கிருந்த மனச்சிதைவு நோயைப் பற்றி வெளிப்படையாகப் பேசிய ஒருவர், அப்பெண்ணைக் கேலிக்கோ இரக்கத்துக்கோ உரியவளாக்காமல் அவள் வாயாலேயே பேசவைத்தது, மேடைப் பயிற்சியின் கொடை என்பதே என் கணிப்பு. ஆகவே, அவர் நடித்ததையும் நாடகங்களை இயக்கியதையும் கவிஞரின் உபதொழிலாக ஒரு வரியில் கடந்துவிடுவது (அஞ்சலிக் குறிப்புகளின் பழைய வழக்கம் இது) சரியாகாது.

இப்படிக்கு,
நாடக ஆர்வலர் ஒருவர்