கத்தியும் துப்பாக்கியும் ஒன்றல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்கத் துப்பாக்கிச்சூடுகள் பற்றிய உங்கள் தலையங்கத்துக்குப் பதிலாகப் போன வாரம் ஒரு வாசகர் எழுதியிருந்தார். கொல்வது என்று முடிவு கட்டியவன் கத்தியை எடுத்தாவது கொல்வான், சட்டம் போட்டு என்ன பிரயோஜனம் என்று கேட்டிருந்தார். இதே பேச்சை வாட்ஸ்அப்பிலும் கல்யாண வீடுகளிலும் கேட்டுக் கேட்டு மனசு ஆறாமல்தான் இதை எழுதுகிறேன்.

2012 டிசம்பர் 14-ஆம் தேதி ஒரே நாளில் இரண்டு தொடக்கப் பள்ளிகளில் தாக்குதல் நடந்தது. சீனாவின் ஹெனான் மாகாணத்தில் ஒரு கிராமத்துப் பள்ளியில் ஒருவன் கத்தியோடு வந்து 20-க்கும் மேற்பட்ட குழந்தைகளை வெட்டினான். சில மணி நேரம் கழித்து அமெரிக்காவின் சாண்டி ஹூக் பள்ளிக்குள் இன்னொருவன் துப்பாக்கியோடு புகுந்தான். சீனக் குழந்தைகள் அத்தனை பேரும் பிழைத்துக்கொண்டார்கள். சாண்டி ஹூக்கில் 20 குழந்தைகளும் பெரியவர்கள் 6 பேரும் இறந்துபோனார்கள். கத்தியால் யாரும் சாகவில்லை என்று நான் சொல்லவில்லை, சீனாவிலேயே வேறு வருடங்களில் பள்ளிக் குழந்தைகள் அப்படிச் செத்திருக்கிறார்கள். ஆனால் கத்தியோடு வருகிறவனிடமிருந்து ஓடலாம், நாற்காலியைத் தூக்கி எறியலாம், நாலு பேர் சேர்ந்து அமுக்கிவிடலாம். வகுப்பறைக்குள் நின்று சரமாரியாகச் சுடுகிறவனிடமிருந்து ஆறு வயதுக் குழந்தை எங்கே ஓடும்?

என் மகள் குடும்பம் டெக்சாஸில் இருக்கிறது. போன முறை போகும்போது பேரனுக்கு, நடந்தால் விளக்கு மின்னுமே அந்த ஷூ ஒரு ஜோடி வாங்கிக்கொண்டு போனேன். அவன் வீடு முழுக்கக் குதித்துக் குதித்து ஓடினான். மகள் என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டு, "அம்மா, இதை ஸ்கூலுக்கு மட்டும் போடவேண்டாம்" என்றாள். துப்பாக்கியோடு யாராவது புகுந்தால் என்ன செய்வது என்று அங்கே பள்ளியில் அவ்வப்போது ஒரு பயிற்சி நடக்குமாம். விளக்கை அணைத்துவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு, வாசலிலிருந்து பார்த்தால் தெரியாத மூலையில் குழந்தைகள் சத்தமில்லாமல் உட்கார வேண்டும். இருட்டில் ஷூ மின்னினால் இருக்கும் இடம் தெரிந்துவிடும் என்று பெற்றோர்கள் பயப்படுகிறார்கள். ஒரு ஷூ வாங்குவதற்குக்கூட இதையெல்லாம் யோசிக்க வேண்டியிருக்கிறதே என்று அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

சரி, சட்டம் என்ன செய்யும் என்பதற்கு வருகிறேன். 1996 ஏப்ரலில் ஆஸ்திரேலியாவின் போர்ட் ஆர்தரில் ஒரே ஆள் 35 பேரைச் சுட்டுக் கொன்றான். அப்போது பிரதமர் ஜான் ஹோவர்டு பதவியேற்று இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அவர் பழமைவாதக் கட்சிக்காரர், கிராமத்து விவசாயிகளின் ஓட்டு அவருக்கும் கூட்டணிக்கும் உயிர்நாடி. அப்படியிருந்தும் 12 நாளில் எல்லா மாநிலங்களையும் உட்காரவைத்து ஒப்பந்தம் போட்டார். குண்டு தானாகவே ஏறி அடுத்தடுத்துச் சுடும் நீளத் துப்பாக்கிகளைச் சாதாரண மக்கள் வைத்திருக்கத் தடை. லைசென்ஸ் கேட்டால் நியாயமான காரணம் காட்ட வேண்டும், தற்காப்புக்கு என்பது காரணமாகாது. துப்பாக்கி வாங்க 28 நாள் காத்திருக்க வேண்டும். எனக்குப் பெரிதாகப் படுவது இதற்கு அடுத்து நடந்ததுதான். புதிதாக விற்பதை மட்டும் நிறுத்தியிருந்தால் ஏற்கனவே வீடுகளில் இருந்தவை அப்படியே கிடந்திருக்கும். அரசு மருத்துவக் காப்பீட்டு வரியை ஒரு வருடத்துக்கு மட்டும் 0.2 சதவீதம் ஏற்றி, அந்தப் பணத்தில் சுமார் ஆறரை லட்சம் துப்பாக்கிகளை விலை கொடுத்து வாங்கி அழித்தது. கோபமாக இருந்த துப்பாக்கிக்காரர்கள் கூட்டத்தில் பேசப்போனபோது ஹோவர்டு கோட்டுக்குள் குண்டு துளைக்காத சட்டை போட்டுக்கொண்டு போனார், ஆனாலும் போனார்.

இந்தச் சட்டத்துக்கு முந்தைய 18 வருடங்களில் அங்கே, சுட்டவனைச் சேர்க்காமல், ஐந்து பேருக்குக் குறையாமல் இறந்த துப்பாக்கிச்சூடுகள் 13. அதற்கு அடுத்த 20 வருடங்களில் அப்படி ஒன்றுகூட இல்லை.

உடனே சிட்னியின் போண்டை கடற்கரையைச் சொல்வார்கள். 2025-இல், அதுவும் டிசம்பர் 14-ஆம் தேதிதான், யூதர்களின் பண்டிகைக் கூட்டத்தில் 15 பேர் கொல்லப்பட்டார்கள். சுட்டது அப்பாவும் மகனும், அப்பாவிடம் லைசென்ஸோடு ஆறு துப்பாக்கிகள் இருந்தன. சட்டத்தில் ஓட்டை இருந்தது, உண்மை. ஆனால் அந்த மாதமே அரசு மறுபடியும் துப்பாக்கிகளைத் திரும்ப வாங்கப்போவதாக அறிவித்தது, நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் ஒருவர் எத்தனை வைத்திருக்கலாம் என்று உச்சவரம்பு போட்டது. ஓட்டை தெரிந்ததும் அடைக்கப் பார்த்தார்கள். நியூசிலாந்திலும் இதைத்தான் பார்த்தோம். கிரைஸ்ட்சர்ச் மசூதிகளில் 51 பேர் இறந்து ஒரு மாதம் முடிவதற்குள் நாடாளுமன்றத்தில் 119 பேர் ஆதரித்து சட்டம் நிறைவேறியது, எதிர்த்தது ஒரே ஒருவர்.

சாண்டி ஹூக்குக்குப் பிறகு அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டில் தடை கொண்டுவரும் திருத்தம் 40-60 என்று தோற்றது. தடைகூட இல்லாமல், துப்பாக்கிக் கண்காட்சியிலும் இணையத்திலும் துப்பாக்கி வாங்குகிறவரின் பின்னணியை விசாரிக்க வேண்டும் என்று மட்டும் கேட்ட இன்னொரு திருத்தமும் வந்தது. ஆதரவு 54, எதிர்ப்பு 46. அங்கே 60 இருந்தால்தான் நகரும் என்பதால் 54 பேர் கை தூக்கியும் தோற்றுப்போனது. பத்து வருடம் கழித்து 2022-இல் டெக்சாஸில், என் மகள் இருக்கிற அதே மாநிலத்தில், யுவால்டி பள்ளியில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் போனபிறகுதான் ஒரு சின்னச் சட்டமாவது வந்தது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். இப்படி ஒரு செய்தி வரும்போது முதல் பக்கத்தில் இறந்தவர்கள் எண்ணிக்கையோடு முடித்துவிடாதீர்கள். ஆறு மாதம் கழித்து அந்த நாட்டில் எந்தச் சட்டம் வந்தது, யார் ஓட்டுப் போட்டார்கள், யார் தடுத்தார்கள் என்று இன்னொரு செய்தி போடுங்கள்.

- ஒரு வாசகி, கும்பகோணம்