பன்னிரண்டு லட்சம் கணக்கு: நம் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

6.3.2025, ஈரோடு

வணக்கம்.

பத்து நாளாக வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு சுற்றிக்கொண்டிருக்கிறது. "பன்னிரண்டு லட்சம் வரைக்கும் வரியே இல்லைன்னு பட்ஜெட்ல சொல்லிட்டாங்க, இந்த ஆபீஸ்ல மட்டும் 41,600 கட்டணும்கறாங்க" என்று. பேசியவர் ஆறு வருஷமாக நம்மிடம் வருபவர், அவர்மேல் கோபம் இல்லை. ஆனால் அதைக் கேட்டுவிட்டு நேற்று நான்கு பேர் "எங்களுக்கும் வரியைக் கூடுதலாகப் போட்டுவிட்டீர்களா" என்று கேட்டபோது மனசுக்குக் கஷ்டமாகிவிட்டது. அதனால்தான் அவரிடம் சொல்லிவிட்டு இதை எழுதுகிறேன்.

பிப்ரவரி 1 அன்று நிதியமைச்சர் அறிவித்தது, வருகிற ஏப்ரல் 1 முதல் சம்பாதிக்கப்போகும் பணத்துக்கு. இந்த மார்ச் 31-இல் முடிகிற வருஷத்துக்கு, புதிய முறையில் (கழிவுகள் குறைவு, வரி விகிதமும் குறைவு), போன ஜூலை பட்ஜெட்டில் வந்த ஸ்லாப்தான், அதாவது வருமானப் படிநிலைக்கு ஏற்ற வரி விகிதம்தான்: 3 லட்சம் வரை வரி இல்லை, 7 லட்சம் வரை 5 சதவீதம், 10 லட்சம் வரை 10 சதவீதம். குரல் பதிவில் பேசியவரின் வருஷச் சம்பளம் 9,75,000. சம்பளக்காரர் எல்லோருக்கும் கிடைக்கும் நிலைக்கழிவு 75,000 போனால் 9 லட்சம். 3-லிருந்து 7 வரைக்கும் 20,000, அடுத்த 2 லட்சத்துக்கு 20,000, அந்த வரியின் மேல் 4 சதவீத செஸ் (கூடுதல் வரி) 1,600. கூட்டிப் பாருங்கள், 41,600 வரும். அந்தப் பணம் அரசாங்கக் கணக்குக்குப் போகிறது, எங்கள் கைக்கு ஒரு ரூபாய்கூட வருவதில்லை. இதே சம்பளத்துக்கு அடுத்த வருஷம் அவர் ஒன்றும் கட்ட வேண்டாம், அதையும் அன்றைக்கே சொன்னோம்.

குழப்பத்தில் எங்கள் பங்கும் இருக்கிறது, மறைக்கவில்லை. ஜனவரியில் அனுப்பிய குறிப்பில் "2025-26 கணக்கு" என்று எழுதியிருந்தோம். நாங்கள் சொன்னது மதிப்பீட்டு ஆண்டை (சம்பாதித்ததற்குக் கணக்குக் காட்டுகிற அடுத்த வருஷம்), பட்ஜெட் செய்தியில் வந்தது நிதியாண்டை (சம்பாதிக்கிற வருஷம்). ஒரே எண் இரண்டு வருஷத்துக்கும் வந்தால் யாருக்கும் குழம்பத்தான் செய்யும். மன்னியுங்கள். இனி "இந்த மார்ச்சில் முடிகிற வருஷம்" என்றே எழுதுவோம்.

இன்னொன்று. அந்த 12 லட்சம் என்பது வரித் தள்ளுபடிக்கான வரம்பு, அதாவது வருமானம் அதுவரை இருந்தால் ஸ்லாப்படி வரும் வரியைத் தள்ளிவிடுவார்கள். பங்கு விற்ற லாபத்துக்கு அந்தத் தள்ளுபடி கிடையாது. சம்பளம் 8 லட்சம், கூடவே பங்குச் சந்தையில் குறுகிய கால லாபம் 1 லட்சம் என்றால், அந்த 1 லட்சத்துக்கு 20 சதவீதம் அடுத்த வருஷமும் உண்டு. அப்புறம் "சொல்லவே இல்லையே" என்று வரக்கூடாது.

இந்த மாதம் செய்ய வேண்டியது ஆளுக்கு ஆள் மாறும். வீட்டுக் கடன் உள்ளவர்கள் பழைய முறையையும் (சேமிப்பு, கடன் வட்டி எல்லாம் கழிக்கிற முறை) போட்டுப் பாருங்கள். அதே 9,75,000-இல் நிலைக்கழிவு 50,000, 80சி (பி.எஃப்., ஆயுள் காப்பீடு போன்ற சேமிப்பு) 1,50,000, வீட்டுக் கடன் வட்டி 2,00,000, மருத்துவக் காப்பீடு 25,000 கழித்தால் 5,50,000, வரி 23,400 மட்டும். 41,600-இல் பாதிக்கு மேல் கொஞ்சம்தான். அந்தச் சேமிப்புக்கும் காப்பீட்டுக்குமான பணத்தை 31-ஆம் தேதிக்குள் போட்டிருக்க வேண்டும். ஆனால் புதிய முறையிலேயே இருப்பவர்கள் வரி மிச்சமாகும் என்று நம்பி மார்ச் கடைசியில் அவசரமாக ஒரு பாலிசி எடுத்துவிடாதீர்கள், அதில் 80சி கிடையாது, பிரீமியமோ பல வருஷம் கட்டியாக வேண்டும். தறி, ஜவுளி, மண்டி வைத்திருப்பவர்களுக்கு முன்வரியின் (வருஷம் முடியும் முன்பே தவணையாகக் கட்டும் வரி) கடைசித் தவணை 15-ஆம் தேதி. வருஷா வருஷம் இந்த இரண்டு முறைக்கும் மாறி மாறிப் போகிற வசதி தொழில் செய்பவர்களுக்கு இல்லை என்பதால் யோசித்து முடிவெடுங்கள்.



அந்தக் குரல் பதிவு வந்த வாட்ஸ்அப் குழுவிலேயே "நேரில் போய்க் கேளுங்க, தாளைக் காட்டுவாங்க" என்று பதில் போட்ட ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் மூவருக்கும், ஒன்றும் கேட்காமல் வழக்கம்போல் சம்பளச் சீட்டுகளைக் கொண்டுவந்து வைத்த எல்லோருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. சந்தேகம் உள்ளவர்கள் மாலை 5 மணிக்கு மேல் வாருங்கள், உங்கள் கணக்கை உங்கள் எதிரிலேயே மறுபடி போட்டுக் காட்டுகிறேன்.

அன்புடன்,
உங்கள் வரிக் கணக்கு அலுவலகம்