.44 ஸ்பெஷல் தம்பி அல்ல, அண்ணன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் பழைய ரிவால்வர் தோட்டாக்கள் மீண்டும் கடைக்கு வருவது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, .44 ஸ்பெஷல் என்ற தோட்டாவை ‘.44 மேக்னம் தோட்டாவின் பலவீனமான தம்பி’ என்று ஒரே வரியில் ஒதுக்கிவிட்டது. வருத்தமாக இருந்தது. வயதுக் கணக்கே தலைகீழ். ஸ்பெஷல் வந்தது 1907-ல், ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் ‘டிரிபிள் லாக்’ ரிவால்வரோடு. மேக்னம் வந்தது 1955-ல். அமெரிக்கத் துப்பாக்கி எழுத்தாளர் எல்மர் கீத் போன்றவர்கள் ஸ்பெஷலின் கூட்டில், அதாவது அதன் உலோக உறையில், வெடிமருந்தைக் கூட்டிக் கூட்டிச் சுட்டுக் காட்டிய பிறகு, அதே கூட்டை எட்டில் ஒரு அங்குலம் நீட்டித்தான் மேக்னத்தைச் செய்தார்கள்.

‘பலவீனம்’ என்ற பெயர் ஒட்டியதற்குக் காரணம் உண்டு. முந்தைய .44 ரஷ்யன் தோட்டாவின் கூடு 0.97 அங்குலம், ஸ்பெஷலுக்கு அதை 1.16 ஆக்கினார்கள். ஆனால் ஆலைத் தோட்டாவின் வேகத்தைக் கூட்டவில்லை. 246 கிரெய்ன், அதாவது சுமார் 16 கிராம் ஈயக் குண்டு, நொடிக்கு 755 அடி. கூட்டில் இடம் இருந்தது, பயன்படுத்த ஆளில்லை.

இன்று அது திரும்பி வர அந்த அடக்கமே உதவுகிறது. சுடும்போது உள்ளே எழும் அழுத்தத்துக்கு ஸ்பெஷலில் வரம்பு சதுர அங்குலத்துக்கு 15,500 பவுண்டு, மேக்னத்துக்கு 36,000. அழுத்தம் குறைவு என்பதால் சிறிய உடலும் மெல்லிய சுவரும் கொண்ட ஐந்து அறை சிலிண்டர் (தோட்டாக்களைத் தாங்கிச் சுழலும் உருளை) தாங்குகிறது. 1973-ல் சார்ட்டர் ஆர்ம்ஸ் நிறுவனத்தின் ‘புல்டாக்’ ரிவால்வர் அப்படித்தான் வந்தது. 2017-ல் ரூகர் நிறுவனம் தன் ஜிபி100 ரிவால்வரை இதே தோட்டாவுக்கு ஐந்து அறையோடு செய்தது. உதையும் ஓசையும் மேக்னத்தைவிட எவ்வளவோ குறைவு.

கட்டுரை சொல்லாமல் விட்ட முக்கியமான விஷயம் ஒன்று. மேக்னம் ரிவால்வரில் ஸ்பெஷல் சுடலாம். ஸ்பெஷல் ரிவால்வரில் மேக்னம் சுடவே கூடாது, நீளம் கூடியதால் உள்ளே முழுதாக இறங்கவும் செய்யாது. மேக்னம் ரிவால்வரில் ஸ்பெஷல் சுடுவதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. கூடு குட்டையாக இருப்பதால், அதன் வாய் முடியும் இடத்துக்கு முன்னால் சேம்பர் (சிலிண்டரில் தோட்டா இறங்கும் அறை) சுவரில் கரியும் ஈயமும் குண்டில் பூசிய மெழுகும் சேர்ந்து வளையமாகப் படிகின்றன. நிறைய ஸ்பெஷல் சுட்ட பிறகு மேக்னத்தைப் போட்டால் கடைசி நூலளவில் நிற்கும். கட்டைவிரலால் அழுத்தித் திணிக்கக் கூடாது: வளையம் கூட்டின் வாயை இறுக்கிப் பிடித்தால் குண்டு விடுபடத் தாமதமாகி அழுத்தம் எகிறும். கரைப்பானைத் தடவிக் கால் மணி நேரம் ஊறவிட்டு, .45 அளவு வெண்கலத் தூரிகையைச் சுழற்றினால் வளையம் உரிந்து வரும். சுட்ட அன்றே செய்தால் எளிது.

இங்கே ஒரு சொல்லையும் திருத்த வேண்டும். கூடு, பிரைமர் (அடியில் மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி), மருந்து, குண்டு நான்கும் சேர்ந்ததே தோட்டா; பறப்பது மட்டும் குண்டு. கட்டுரை இரண்டையும் ‘குண்டு’ என்றே எழுதியதால் நீள வேறுபாடு எதில் என்றே புரியாமல் போயிற்று.

தாமே தோட்டா நிரப்புவோருக்கு இந்தக் கூட்டில் பெரிய ஆபத்து அதன் வெற்றிடம். வேகமாக எரியும் மருந்து அடியில் கொஞ்சம்தான் நிற்கும். தவறி இரண்டு முறை ஊற்றினாலும் வழியாது. குண்டு பொருத்துமுன் கூடுகளைப் பலகையில் வரிசையாக நிறுத்தி, விளக்கடியில் ஒவ்வொன்றின் உள்ளும் பார்த்து, மருந்து ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று உறுதி செய்ய வேண்டும். எடையில் இலேசான ரிவால்வரில் கூட்டின் வாய் மடிப்பும் இறுக்கமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் உதையில் சுடாத தோட்டாக்களின் குண்டுகள் முன்னே நழுவி, சிலிண்டர் முகப்பைத் தாண்டி நீண்டு, சுழற்சியையே நிறுத்திவிடும். நான்கு சுட்டுவிட்டு ஐந்தாவதை எடுத்து நீளத்தை அளந்தால் தெரிந்துவிடும்.

பழைய டிரிபிள் லாக் கையில் உள்ளவர்கள் 246 கிரெய்ன் ஆலைத் தோட்டாவோடு நிறுத்திக்கொள்ளட்டும். அந்தக் காலத்து எஃகு கீத்தின் கனமான கலவைகளுக்காகச் செய்யப்பட்டதல்ல.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்