மாடி அறைக்கு எந்த டைல்ஸ்?

அன்புள்ள பாப்பாவுக்கு,

குரூப்பில் நீ போடும் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். நாம் கட்டப்போகிற புது வீட்டு பிளான் அனுப்பினால் கட்டைவிரல், எலிவேஷன் அனுப்பினால் கட்டைவிரல், பூஜை அறைக் கதவுக்கும் கட்டைவிரல். பிடித்திருக்கிறது என்று அர்த்தமா, பார்த்துவிட்டேன் என்று அர்த்தமா, எனக்குத் தெரியவில்லை. பொங்கல் வரைக்கும் ஒரு ஜன்னலுக்கு அரை மணி நேரம் பேசுகிறவள் நீ. சரி, வேலை ஜாஸ்தி என்று நினைத்துக்கொள்கிறேன். போனில் கேட்கலாம்தான், ஆனால் நம் வீட்டில் போனை எடுத்தால் கூடத்தில் இருப்பவர்கள் எல்லோரும் சேர்ந்துதான் பேசுவார்கள், உனக்குத் தெரியாததா. அதனால் எழுதுகிறேன். ஆயா நன்றாக இருக்கிறாள், முழங்கால் வலி அப்படியேதான்.

முதலில் கட்டட அப்ரூவல். நம் வேலைக்குச் சுயசான்று முறையே போதும் என்கிறார் இன்ஜினியர். 2024 ஜூலையில் அரசு கொண்டுவந்தது அது. மனை 2,500 சதுர அடிக்குள், கட்டடம் 3,500 சதுர அடிக்குள், தரைத்தளமும் மேலே ஒரு மாடியும், இதற்குள் அடங்கினால் ஒற்றைச் சாளர இணையதளத்தில் பத்திரம், பட்டா, வரைபடம் எல்லாம் ஏற்றி சதுர அடிக்கு இவ்வளவு என்று பணத்தைக் கட்டினால் உடனே அனுமதி வந்துவிடுமாம். ஆள் வந்து இடத்தைப் பார்க்கிற வரைக்கும் காத்திருக்க வேண்டாம், கட்டி முடித்த பிறகு நிறைவுச் சான்றும் வேண்டாம். நமக்கு முக்கால் கிரவுண்டு, 1,800 சதுர அடிதானே, தாராளமாக உள்ளே வந்துவிடுகிறோம். கடலோர ஒழுங்குமுறைத் தொல்லையும் இல்லை, கடலில் இருந்து 500 மீட்டரைத் தாண்டித்தான் இருக்கிறோம். காசிமேட்டு வீட்டுக்குப் பெரியப்பா அலைந்த மாதிரி அலைய வேண்டாம். பெரியப்பா விஷயத்தில் அது ஒன்றுதானா நடந்தது, அதை விடு.

தம்பிக்குத்தான் மனசு ஆறவில்லை. 2021ல் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்ததில் இருந்து தண்டையார்பேட்டை வாடகை எங்கேயோ போய்விட்டது, கீழே காருக்கு ஸ்டில்ட் விட்டு மேலே மூன்று மாடி எடுத்தால் போர்ஷன் போர்ஷனாக விடலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறான். அப்படிப் போனால் சுயசான்று கிடையாது, வழக்கமான வழியில் விண்ணப்பம் போட்டு உட்கார வேண்டியதுதான் என்று இன்ஜினியர் சொன்ன பிறகு கொஞ்சம் இறங்கி வந்தான். அவனையும் குறை சொல்ல முடியாது. லோன் அவன் பெயரில்தான், அலைச்சலும் அவனுடையதுதான், மழைநேரத்தில் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவனும் அவன்தான். நீ எட்ட இருக்கிறாய், உனக்கு இதெல்லாம் போட்டோவில்தான் தெரியும்.

இப்போது வேலை நிற்பது பட்டாவில். அப்பா உயில் எழுதவில்லை. வாரிசுச் சான்றில் நான், நீ, தம்பி என்று மூன்று பெயர், கூட்டுப் பட்டாவிலும் மூன்று பெயர், சட்டப்படி மூன்று பேருக்கும் சமம். ஆகவே விண்ணப்பத்திலும் மூன்று பேர் கையெழுத்து வேண்டும், நீ வர முடியாததால் உன் சார்பில் கையெழுத்துப் போட அதிகாரம் கொடுக்கிற பத்திரம், அதாவது பவர், அனுப்ப வேண்டும். இதை ஞாபகப்படுத்தத்தான் எழுதுகிறேன் என்று நினைக்காதே. அவசரமும் இல்லை. மழைக்கு முன்னால் கடைக்கால் போட்டுவிட்டால் நல்லது, அவ்வளவுதான்.

ஆனால் ஒன்று, எதிலும் படிக்காமல் கையெழுத்துப் போடாதே. பவர் வேறு, விடுதலைப் பத்திரம் வேறு. இரண்டும் முத்திரைத்தாளில்தான் வரும், இரண்டிலும் அதே சர்வே எண், அதே நான்கு எல்லை, பார்த்தால் ஒன்றுபோலத்தான் இருக்கும். பவர் என்றால் கட்டட அனுமதி வாங்க, வரி கட்ட, கரண்டுக்கும் மெட்ரோ வாட்டருக்கும் எழுதிக்கொடுக்க என்று ஒவ்வொரு வேலையையும் பெயர் சொல்லிப் போட்டிருக்க வேண்டும். பொது அதிகாரம் என்று மொத்தமாக இருந்தால் திருப்பி அனுப்பிவிடு. விடுதலை என்றால் பாகத்தை விட்டுக்கொடுப்பது, பதிவாகிவிட்டால் பதிவானதுதான். நான் யாரையும் மனசில் வைத்துச் சொல்லவில்லை, ஸ்கூலில் அத்தனை வருஷம் பிள்ளைகளின் விண்ணப்பத்தைத் திருத்தின பழக்கம். கான்சுலேட்டில் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை கட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் அந்தத் தாளை ஏற்பதில் சிக்கல் வரும். யார் பெயருக்குக் கொடுப்பது என்று கேட்பாய். என் பெயருக்கே கொடு. தம்பிக்கு ஒரு அலைச்சல் மிச்சம்.

சரி, வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். பேஸ்மென்ட் ரோட்டில் இருந்து மூன்றரை அடியாவது உயர வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டேன். நீ பள்ளிக்கூடம் போனபோது வாசலில் இருந்து தெருவுக்கு இரண்டு படி இறங்குவோம், இப்போது தெருவில் இருந்து வீட்டுக்குள் ஒரு படி இறங்குகிறோம். பழைய ரோட்டைச் சுரண்டாமல் அது மேலேயே தாரைக் கொட்டிக்கொண்டே போனால் வேறென்ன ஆகும். 2015 வெள்ளத்தில் வாசலோடு நின்றது, 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் கட்டில் கால் வரை வந்தது. பீரோவின் அடித்தட்டில் இருந்த உன் சர்ட்டிபிகேட் பையை நான்தான் முதலில் எடுத்து லாஃப்டில் போட்டேன், என்னுடைய பென்ஷன் புத்தகம் நனைந்துபோனது.

காங்கிரீட்டுக்கு நீ சொன்னதையே பிடித்துக்கொண்டிருக்கிறேன். கடல் காற்று படுகிற இடத்துக்கு எம் 20 தரக் கலவை போதாது, எம் 30 ஆவது வேண்டும், போர் தண்ணீரில் கலக்கவே கூடாது என்றாயே, அதை மேஸ்திரியிடம் சொன்னேன். “யாரும்மா சொன்னது” என்றார். என் பொண்ணு சிவில் இன்ஜினியர், ஆஸ்திரேலியாவில் பாலம் கட்டுகிறாள் என்றேன். அதற்கப்புறம் அவர் வாயைத் திறக்கவில்லை. நம் தெருவில் சிவில் படித்த முதல் பெண் நீ. உன் சொந்த வீட்டு பிளானுக்குக் கட்டைவிரலைத் தவிர ஒன்றும் வராது என்று அவரிடம் நான் சொல்லவில்லை. ஆனால் தண்ணீர் விஷயம் நிஜம். நம் போர் உப்பு பழைய சுவரில் முழங்கால் உயரத்துக்குப் பூத்துக் கிடக்கிறது, எத்தனை தரம் பூசினாலும் அடுத்த வருஷமே பெயர்ந்து விழுகிறது. லாரி தண்ணீர்தான் வாங்கப் போகிறோம், க்யூரிங்குக்கும் அதேதான். அப்பா 2003ல் மழைநீருக்குத் தோண்டிய கிணற்றை மூட விடமாட்டேன், அதன்மேல் கார் நின்றாலும் சரி.

சமையலறை மேடைக்கு வெள்ளைக் குவார்ட்ஸ்தான் வேண்டும் என்கிறாள் உன் தம்பி பெண்டாட்டி. பார்க்க அழகுதான், நான் மறுக்கவில்லை. கடையில் கேட்டு அதில் ஒரு துண்டும் கறுப்பு கிரானைட்டில் ஒரு துண்டும் வாங்கி வந்தேன். இரண்டின் மேலும் மீன் குழம்புக்கு அரைக்கிற மாதிரி மஞ்சளும் மிளகாயும் குழைத்துத் தடவி, நல்லெண்ணெய் விட்டு, ராத்திரி முழுக்க ஜன்னலில் வைத்திருந்தேன். காலையில் கழுவினால் கிரானைட் ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கிறது, வெள்ளையில் மஞ்சள் வட்டம். சோப்பு, சோடா உப்பு, எலுமிச்சை எல்லாம் போட்டுத் தேய்த்தேன், வெளிறியதே ஒழிய முழுதாகப் போகவில்லை. அதைச் சிங்க் பக்கத்திலேயே வைத்துவிட்டேன், வாயால் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாளில் அவளே கிரானைட் என்றாள். கெட்டிக்காரப் பெண், சொன்னால்தான் பிடிக்காது.

கீழ் அலமாரியில்தான் சண்டை. மாடுலர் கம்பெனிக்காரன் எம்.டி.எஃப்.பில், மரநாரை அழுத்திச் செய்கிற பலகையில், பளபளவென்று காட்டுகிறான். வெள்ளம் வருகிற வீட்டில் எம்.டி.எஃப். போட்டால் டீயில் விழுந்த பிஸ்கெட் கதிதான். போட்டே ஆக வேண்டும் என்றால் ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட் போடு, 303 என்று இருந்தால் அது தண்ணீரில் ஊறினால் தாங்காது, ஷீட்டில் அடித்திருக்கிற முத்திரையை உன் கண்ணால் பார், பில்லில் எழுதியதை நம்பாதே என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறேன். எனக்குக் கடப்பா கல் தட்டே போதும். எவர்சில்வர் டப்பா வைக்க அதைவிட நல்லது எது. ஜன்னலுக்கு யு.பி.வி.சி. பிளாஸ்டிக், இரும்பு கிரில்லுக்கு எத்தனை கோட்டிங் அடித்தாலும் இந்தக் காற்றுக்குத் துரு பிடிக்கும். ஆனால் தலைவாசல் கதவு பழையதுதான். தாத்தா வால்டாக்ஸ் ரோட்டில் வாங்கிய பர்மா தேக்கு, அதைக் கழற்றி பாலிஷ் போட்டு அதே வாசக்காலோடு வைக்கப்போகிறோம். உயரம் குறைவு, நாகரிகமாக இல்லை என்றார்கள், குனிந்து வரட்டும்.

தரைக்கு இந்தச் சிவப்பு ஆக்சைடே போடலாம் என்று கேட்டுப் பார்த்தேன். இப்போது அதைப் பதமாகப் போட ஆள் இல்லை, போட்டாலும் வெடிக்கிறது என்றார்கள். அதனால் கூடத்துக்கு விட்ரிஃபைட் டைல்ஸ். வெள்ளை வேண்டாம் என்று நான் சொல்ல, துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவதை 2011லேயே நிறுத்தியாயிற்று, இன்னும் கரிக்குப் பயப்படுகிறாயே என்று தம்பி சிரிக்கிறான். சிரிக்கட்டும். நம் ஜன்னல் விளிம்பைத் தினமும் துடைக்கிறவள் நான், துணியின் நிறம் எனக்குத் தெரியும். பாத்ரூமுக்கு வழுக்காத டைல்ஸ். சாம்பிளைப் பின்கட்டில் பரப்பி, சோப்புத் தண்ணீர் ஊற்றி, ஆயாவைப் பிடித்துக்கொண்டு நடத்திப் பார்த்தேன். ஆன்டி ஸ்கிட் என்று அட்டையில் போட்டிருந்த ஒன்றில் என் காலே நழுவியது. டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்னால் வாட்டர்புரூஃப் அடித்து இரண்டு நாள் தண்ணீர் தேக்கிப் பார்க்க வேண்டும் என்பதையும் மேஸ்திரி நோட்டில் எழுதச் சொல்லியிருக்கிறேன்.

இப்போது மாடி. மாடியில் கிழக்குப் பார்த்த அறை, பாத்ரூம் சேர்ந்தது, மொட்டை மாடிக்குப் போகிற படிக்குப் பக்கத்தில் இருக்கிறதே, அது பிளானில் முதலில் ‘படுக்கை அறை 3’ என்றுதான் இருந்தது. நடுவில் வந்த ஒரு டிராயிங்கில் அது ‘ஸ்டோர்’ ஆகியிருந்தது, நீ கவனித்தாயோ இல்லையோ. இன்ஜினியரைத் தனியாகக் கூப்பிட்டு மாற்றச் சொல்லிவிட்டேன். கடைசியாக வந்த டிராயிங்கில் பார், உன் பெயரையே போட்டிருக்கும். அனுமதிக்குப் போகிற வரைபடத்தில் பெயரெல்லாம் போட மாட்டார்களாம், இருந்தாலும் நம் வீட்டு காப்பியில் இருக்கட்டும் என்றேன். உன் தம்பி பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை. அவன் கெட்டவன் இல்லை பாப்பா. வட்டியைப் பார்த்துப் பயந்துபோயிருக்கிறான். பொங்கலன்று அவன் உன்னிடம் என்ன பேசினான் என்று எனக்குத் தெரியாது, நீ சொன்னால் கேட்பேன், நானாகக் கேட்க மாட்டேன். மாப்பிள்ளை பக்கத்தில் இருந்தாரா என்பது மட்டும்தான் எனக்குக் கவலை.

வருஷத்துக்கு ஒரு தரம் வருகிறவளுக்கு எதற்கு ஒரு அறை என்று நீயே சொல்லுவாய், போன வருஷம் அதுவும் வரவில்லை. வராவிட்டாலும் அறை இருக்கும். பூட்டித்தான் வைப்பேன், வாடகைக்கு விட மாட்டேன். பிள்ளைகளுக்கு இரண்டு அடுக்குக் கட்டில் போடுகிற அளவுக்கு ஒரு பக்கச் சுவரில் ஜன்னல் இல்லாமல் விட்டிருக்கிறது. ஏசி பாயின்டும் கீசர் பாயின்டும் எங்கே என்று நீ சொன்னால்தான் எலக்ட்ரிசியன் பைப் பதிப்பான், பூச்சு முடிந்த பிறகு சொன்னால் சுவரை உடைக்க வேண்டும்.

அந்த அறை டைல்ஸுக்கு மூன்று போட்டோ தனியாக உனக்கு மட்டும் அனுப்பியிருக்கிறேன். ஒன்று மரக் கோடு போட்டது, ஒன்று சந்தன நிறம், ஒன்று நம் பழைய தரை மாதிரியே சிவப்பு, மேட் பினிஷ். எனக்கு எது பிடித்தது என்று சொல்ல மாட்டேன், சொன்னால் வேண்டுமென்றே வேறு ஒன்றைச் சொல்லுவாய். கடைக்காரர் சிவப்பில் ஸ்டாக் குறைவு என்கிறார்.

பவர் டிராஃப்ட் வக்கீலிடம் இருந்து நேராக உன் மெயிலுக்கு வரும், வேறு யார் வழியாக எது வந்தாலும் எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் கான்சுலேட்டுக்குப் போகாதே. படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடு. மாப்பிள்ளையையும் ஒரு தரம் படிக்கச் சொல். டைல்ஸ் எதுவென்று குரூப்பில் போடாதே, எனக்குத் தனியாகப் போடு. கட்டைவிரல் மட்டும் வேண்டாம்.

அம்மா